மோட்டாரைக் கடைசியில் தொடுங்கள்: மண் ஓவல் கார் கட்ட நினைக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் இருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பழைய ட்ராக்சஸ் ஸ்லாஷ் ரிமோட் கார், பின்சில்லுகள் மட்டும் இழுக்கும் வகை, கையில் இருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து வெறும் வளவொன்றில் நீள்வட்டத் தடம் போட்டு, அமெரிக்காவில் ஓடுவதுபோல இடப்பக்கமாக மட்டும் திரும்பும் மண் ஓவல் பந்தயம் வைக்க ஆசை. ஆனால் வளைவுக்கு வந்ததும் பின்பக்கம் கழன்று கார் சுழன்றுவிடுகிறது. வேகமான பிரஷ்லெஸ் (கரி பிரஷ் இல்லாத) மோட்டார் வாங்குவதா, ஸ்லாஷை ஓவல் காராக மாற்றும் முழுக் கிட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பதா, எது முதலில் என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இருப்பது வேறொரு கேள்வி: கார் ஏன் வளைவில் சுழலாமல் நிலையாக ஓடவில்லை, இங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டே அதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். நீங்கள் சொன்ன இரண்டில் எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

நான் யார் என்று கேட்பீர்கள். ஒன்ராறியோவில் இருந்த காலத்தில் ஓஸ்வீக்கன் களிமண் தடத்தில் பெரிய ஸ்பிரின்ட் கார்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே திரும்புவதைப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தது. பிறகு பல பருவங்கள் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார்களை மண் ஓவலில் ஓட்டினேன். மற்றவர்களின் கார்களையும் சரிசெய்து கொடுத்தேன். இப்போது ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை. எனக்குத் தெரிந்தது மின்சாரக் கார் மட்டுமே. நைட்ரோ எரிபொருளில் ஓடுவதை நான் கட்டியதில்லை, அதைப் பற்றி வேறு ஆளிடம் கேளுங்கள். கீழே வருபவற்றில் சில கணக்கால் காட்டக்கூடியவை, சில கைப்பழக்கத்தில் கண்டவை, சில ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாறும் நம்பிக்கைகள். எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். சமதரையில் வளைவில் ஓடும் வண்டியின் உச்ச வேகத்தை வளைவின் ஆரமும் டயரின் பிடிப்பும் தீர்மானிக்கின்றன. மோட்டாரின் பலம் அந்தச் சமன்பாட்டுக்குள் வருவதே இல்லை. உங்கள் வளவில் வளைவின் ஆரம் 3 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவான ஈரமுள்ள நல்ல களிமண்ணில் பிடிப்புக் குணகம் 0.8 என்று எடுத்தால், 0.8, 9.8, 3 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காண, செக்கனுக்கு 4.85 மீற்றர் வருகிறது. மணிக்கு 17.5 கிலோமீற்றர். புழுதி படர்ந்த காய்ந்த நிலத்தில் குணகம் 0.4 ஆக இறங்கினால் மணிக்கு 12 கிலோமீற்றர்தான். உங்கள் ஸ்லாஷில் வந்த மோட்டாரே நேர்ப்பாதையில் இவற்றின் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதைவிடப் பலமானதைப் போட்டால் வளைவுக்கு இன்னும் வேகமாக வந்து இன்னும் வேகமாகச் சுழல்வீர்கள். மாறாக, பிடிப்பை 0.8-இலிருந்து 1.0 ஆக்கினால் வளைவு வேகம் 19.5 ஆகிறது. ஆரத்தை 5 மீற்றர் ஆக்கினால், டயரைத் தொடாமலே 22.5. மண்வெட்டியால் வளைவைப் பெரிதாக்குவதற்குக் காசு தேவையில்லை. அதனால் அதுதான் முதல் வேலை.

அடுத்தது மண். இதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை, எல்லோரும் ஸ்பிரிங்கைப் பற்றியே பேசுகிறார்கள். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கரையோரம் முழுவதும் மணல். அதில் சில்லு தோண்டும், பிடிக்காது. உள்ளே போகப் போகச் செம்மண்ணும் கிறவலும். கிறவல் நன்றாக இறுகும், ஆனால் மேற்பரப்பிலிருந்து சிறுகற்கள் கழன்று டயருக்கும் நிலத்துக்கும் இடையில் உருளத் தொடங்கிவிடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் இருக்கும் களிப்பான மண்தான் இந்த விளையாட்டுக்கு உகந்தது. அதைத் தனியாகப் போட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதால் நுண்மணல் கலக்க வேண்டும். இரண்டு பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்று தொடங்குங்கள். இது என் பழக்கம், விதி இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு வயலின் மண்ணும் வேறு. ஈரமாக்கி உருண்டை பிடித்து ஒருநாள் காயவிட்டு, முழங்கால் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் களி போதாது. போடும் முன்பே உருண்டையில் வெடிப்பு ஓடியிருந்தால் மணல் போதாது. வீட்டுத் திண்ணைக்கு மெழுகும் புற்றுமண் கொஞ்சம் கிடைத்தால் மேல் படைக்கு மிக நல்லது. மண்ணை மாத்திரம் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் மண் ஏற்றி வந்து வழியில் மறிபட்டால் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்த மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 5 சென்ரிமீற்றர் படையாகப் பரப்பி, நனைத்து, உருளையால் இறுக்கி, மேலே அடுத்த படை போடுங்கள். இரண்டு படை போதும். வளைவில் வெளிப்பக்கத்தை உயர்த்தினால் கிடைக்கும் இலாபத்தையும் கணக்காகவே சொல்லலாம்: 2 மீற்றர் அகலத் தடத்தில் வெளிவிளிம்பை 17 சென்ரிமீற்றர் உயர்த்தினால் சாய்வு ஏறத்தாழ 5 பாகை, முன்பு சொன்ன 17.5 கிலோமீற்றர் வேகம் 19 ஆகிவிடும். விலைகூடிய டயர் ஒரு சோடி கொடுக்கும் முன்னேற்றத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் சாய்த்த தடத்தில் மாரி மழை முழுவதும் உள்விளிம்பில் வந்து தேங்கும். அங்கே வடிகால் வெட்டாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தடம் குளமாகிவிடும். மழைக்காலத்தில் தரப்பாள் போட்டு மூடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

கச்சான் வீசும் மாதங்களில் எதிர்மாறான தொல்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் போய்விடும். மாலையில் ஆழமாக நனைத்து, இரவு மூடிவைத்து, ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். பெருவிரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்த நிலையில்தான் களி மிக அதிகமாகப் பிடிக்கும். ஓட ஓட அது காய்ந்து, எல்லோரும் ஓடும் வரியில் றப்பர் படிந்து கறுப்பாகப் பளபளக்கும். அதற்குப் பிறகு டயரும் மாற வேண்டும், ஓட்டும் முறையும் மாற வேண்டும்.

அமெரிக்காவில் சில தடங்களில் பிடிப்புக்காகச் சீனித் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே செய்தால் பந்தயத்துக்கு முதல் ஆளாக எறும்பு வரும். ஈரத்தைப் பிடித்துவைக்கக் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு போன்ற உப்புகளும் பயன்படுகின்றன. காற்றிலுள்ள ஈரத்தை இவை உறிஞ்சும். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைட்டு நிறைய இருக்கிறது, ஆகவே கொள்கையளவில் அதுவும் வேலை செய்யும். ஆனால் பெயரிங்கும் திருகாணியும் துருப்பிடிக்கும், அருகில் கிணறு இருந்தால் தண்ணீர் கெடும், மரம் பட்டுப்போகும். குடியிருப்பு வளவில் அதை நான் செய்ய மாட்டேன்.

இப்போது டயர். ஸ்லாஷ் 2008-இல் ஷோர்ட் கோர்ஸ் ட்ரக்காக வந்தது. குதித்து விழுந்து ஓட வேண்டிய வண்டி. அதன் டயர் விட்டம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர், எல்லா நிலத்துக்கும் பொதுவான முள் அமைப்பு. ஓவலில் ஓடுவோர் அதைக் கழற்றிவிட்டு பக்கி எனப்படும் சிறிய மண்பாதைக் கார்களின் 2.2 அங்குல ரிம்மில் 88 மில்லிமீற்றர் அளவுள்ள மென்மையான டயர் போடுவார்கள். இதனால் கார் 11 மில்லிமீற்றர் தாழும், அதோடு உச்ச வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, பல்சக்கரம் மாற்றாமலே இழுவை கூடும். ஈரக் களிக்குக் குட்டை முள், மேலே தளர்ந்த மண்ணுக்கு நீள முள், காய்ந்து பளபளக்கும் தரைக்கு முள்ளே இல்லாத வழுவழுப்பான டயர். இதில் கருத்து வேறுபாடு குறைவு. ஒரே சோடிதான் வாங்க முடியும் என்றால் குட்டை முள் வாங்கி, காய்ந்த நாட்களுக்காகப் பழைய சோடியின் முட்களைத் துளை இயந்திரத்தில் சுற்றவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கப் பின்டயரின் வெளி ஓர முட்களைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்போது அவை மண்ணில் கொழுவிக் காரைக் கவிழ்க்கும். வாங்கும் முன் ரிம்மின் உட்குழிவை முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முன்னுக்கு வாங்கியது பின்னுக்குப் பொருந்தாமல் போகலாம். நம் ஊர் வெயிலில் மென் றப்பர் வேகமாக இறுகிவிடும், ஓடி முடிந்ததும் கழுவிப் பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில் வையுங்கள்.

டயரும் தடமும் ஓரளவு சரியான பிறகு தராசுக்கு வாருங்கள். ஓவல் கார் கட்டுவது என்பதன் பெரும்பகுதி நான்கு சில்லுகளுக்கும் எடையைப் பங்கிடுவதுதான். பந்தயக் கடைகளில் விற்கும் நான்கு தராசுத் தொகுதி வேண்டாம். 5 கிலோ வரை காட்டும் ஒரு சமையலறை டிஜிட்டல் தராசும், அதே உயரத்துக்கு வெட்டிய மூன்று பலகைத் துண்டுகளும் போதும். சமமான தரையில் நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு சில்லைத் தராசிலும் மற்ற மூன்றைப் பலகையிலும் வையுங்கள். காரை இருமுறை அமுக்கி விட்டு, அது தானாக அமர்ந்த பிறகு எண்ணைக் குறியுங்கள். பற்றரி, மேற்கூடு எல்லாம் பூட்டி, பந்தயத்துக்குப் போகும் நிலையிலேயே நிறுக்க வேண்டும். இப்படி நான்கு மூலையும்.

ஒரு உதாரணம் தருகிறேன். மொத்தம் 2400 கிராம் என்றால், இடமுன் 520, வலமுன் 440, இடப்பின் 800, வலப்பின் 640 என்ற பங்கீடு தொடங்குவதற்கு நல்லது. இடப்பக்கம் 1320, அதாவது 55 வீதம். பின்பக்கம் 1440, 60 வீதம். வலமுன்னையும் இடப்பின்னையும் கூட்டினால் 1240, ஏறத்தாழ 52 வீதம். இந்தக் குறுக்கு எடைதான் மிக முக்கியமான எண். இடப்பக்கம் ஏன் கூட வேண்டும் என்பது உறுதியான பௌதிகம்: இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சில்லுகளுக்குத் தாவுகிறது, முன்கூட்டியே இடப்பக்கம் கனமாக இருந்தால் வளைவின் நடுவில் இட, வல டயர்களின் சுமை வித்தியாசம் குறையும். சமமாகச் சுமக்கும் டயர்கள் மொத்தத்தில் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் 55 என்ற எண் பௌதிகத்திலிருந்து வந்ததில்லை, பழக்கத்திலிருந்து வந்தது. பிடிப்புக் கூடிய தடத்தில் 58 வரை போவோரும் உண்டு. வழுக்கும் தடத்தில் அதே கார் மூக்கை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

இந்தப் பங்கீட்டை அடைவதற்காகத்தான் கிட்டில் புதுச் சட்டம் (சேஸி, காரின் அடித்தகடு) வருகிறது. ஸ்லாஷில் பற்றரி நடுவில், உயரமாக இருக்கிறது. ஓவல் சட்டத்தில் அது தரையோடு ஒட்டி இடப்பக்கம் போய்விடும். 1984-இல் வந்த ஆர்சி10 என்ற ரிமோட் காரின் காலத்திலிருந்தே மண்பாதைக் கார்களை இப்படி மாற்றிக் கட்டும் வழக்கம் இருக்கிறது. கஸ்டம் வேர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் ஓவலுக்கென்றே கார் செய்கின்றன. அதே தகட்டை நீங்களே வெட்டலாம். முதலில் மட்டையில் மாதிரி வெட்டி, முன்பக்கத் தொங்கல் (சஸ்பென்ஷன்) பகுதியையும் பின்பக்க கியர்பெட்டியையும் அதன்மேல் வைத்து, ஓட்டைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் மாற்றுங்கள். லேத் வேலைத்தளத்தில் துளையை மட்டும் போடச் சொல்லுங்கள், வெளிவரம்பை வீட்டில் இரும்பு வாளால் அறுக்கலாம். திருகோணமலையில் இன்னொரு வசதியும் உண்டு: கண்ணாடியிழைப் படகு கட்டுவோர். அவர்களிடம் தகடு வார்க்கச் சொன்னால் வழக்கமாகத் துண்டு நார்ப் பாயும் பொலியெஸ்ரர் பிசினும் போடுவார்கள். அது திருகாணி ஓட்டையில் பிளக்கும். நெய்த கண்ணாடியிழைத் துணியை எப்பொக்சிப் பிசினில் பல படையாகப் போட்டு, காயும் வரை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் பாரம் வைத்து அமுக்கச் சொல்லுங்கள். முன், பின் அச்சுகள் கோணாமல் இருக்கிறதா என்பதை மூலைவிட்டம் அளந்து உறுதிசெய்த பிறகே கடைசி ஓட்டைகளைப் போடுங்கள்.

சட்டம் மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய சட்டத்திலேயே இடப்பக்கம் ஈயக்கட்டி ஒட்டிப் பாருங்கள், மீன்வலை விற்கும் கடையில் கிடைக்கும். கார் கனக்கும் என்பது உண்மை, ஆனால் எந்தப் பங்கீடு உங்கள் தடத்துக்குப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகு தகடு வெட்டுவது புத்திசாலித்தனம். ஸ்லாஷின் ஷொக் (அதிர்வுதாங்கி) குதிப்பதற்கென்று மிக நீளமாக விடப்பட்டிருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே தண்டில் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்துவிட்டால் அது முழுவதும் நீளாது, கார் தாழும். இடமுன் ஷொக்குக்கு இந்தத் துண்டைக் கொஞ்சம் நீளமாகவே போடுங்கள். வளைவிலிருந்து வெளியேற ரிமோட்டின் வேக விசையை அழுத்தும்போது அந்தச் சில்லுத்தான் மேலே தூக்கும்.

உங்கள் கார் சுழல்வதைப் பற்றி இப்போது நேராகப் பேசலாம். எங்கே சுழல்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? மூன்றுக்கும் மருந்து வேறு. நுழையும்போது என்றால் பெரும்பாலும் காரணம் விரல்: விசையைச் சட்டென்று விட்டால் மோட்டார் பின்சில்லுகளை மட்டும் பிடித்து நிறுத்தும், ஸ்லாஷில் மோட்டார் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவதால் அந்தப் பாரம் வாலை வெளியே வீசும். வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்தி, உள்ளே கொஞ்சம் பிடித்துக்கொண்டே திரும்பப் பழகுங்கள். மோட்டாருக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்எல்-5 ஸ்பீட் கன்ட்ரோலர் இருந்தால் அதில் பயிற்சி நிலை ஒன்று உண்டு, விசையைப் பாதியாகக் குறைத்துவிடும். முதல் வாரம் அதிலேயே ஓட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியேறும்போது சுழன்றால் இடப்பின் சில்லுக்கு எடை போதவில்லை. இடப்பின் ஷொக்கின் ஸ்பிரிங்குக்கு மேலே கொளுவும் இடைத்துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டு ஸ்பிரிங்கை அழுத்தினால் குறுக்கு எடை கூடி வால் அடங்கும். அதிகமாகச் செய்தால் மூக்கு திரும்பாமல் வெளியே ஓடும், அப்போது அதைவிட மெல்லிய துண்டைப் போடுங்கள். நடுவில் சுழன்றால் பின்டயரையும் மண்ணையும் பாருங்கள், அல்லது பின்பக்க ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கைப்பேசியில் பத்துச் சுற்றின் நேரம் எடுத்து எழுதிவையுங்கள். ஒரு சுற்று நன்றாக ஓடியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முன்சில்லுகளின் சாய்வு சமச்சீராக இருக்கக் கூடாது. வலமுன் சில்லின் தலை உள்ளே 3 அல்லது 4 பாகையும், இடமுன் சில்லின் தலை வெளியே 1 அல்லது 2 பாகையும் சாய்ந்திருக்கட்டும். பார்த்தால் இரண்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். டயர் தேய்ந்த தடம் அகலம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் சாய்வு சரி. ஷொக் எண்ணெய்க்கு அமெரிக்கர்கள் சொல்லும் இலக்கத்தைவிட ஒரு படி தடித்ததை எடுங்கள், நம் வெயிலில் அது மெலிந்துவிடும்.

வலப்பின் டயரை இடப்பின்னைவிடப் பெரிதாகப் போடுவது பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். காரணம் எளியது: வெளிச்சில்லு நீண்ட தூரம் ஓட வேண்டும். 3 மீற்றர் ஆரத்தில், இரு பின்சில்லுகளுக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் இருந்தால், வெளிச்சில்லு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 9 வீதம் கூடுதலாக ஓடுகிறது. கணக்குப்படி இடப்பக்கம் 88 மில்லிமீற்றர் என்றால் வலப்பக்கம் 96. ஆனால் யாரும் அவ்வளவு வித்தியாசம் வைப்பதில்லை. நேர்ப்பாதையில் கார் இடப்பக்கம் இழுக்கும், அதோடு மண்ணில் சில்லுகள் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருப்பதால் முழு வித்தியாசம் தேவைப்படுவதும் இல்லை. 2 அல்லது 3 மில்லிமீற்றரில் ஏதாவது உணர்கிறீர்களா என்று பாருங்கள். டிஃபரென்ஷியல் தளர்வாக இருந்தால் ஒன்றும் உணரமாட்டீர்கள், ஏனென்றால் அது இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விட்டுவிடும். ஸ்லாஷின் டிஃபரென்ஷியலைத் திறந்து மிகத் தடித்த சிலிக்கன் கிரீஸ் நிரப்பி இறுக்கினால், வெளியேறும்போது பாரம் இழந்த இடச்சில்லு வீணாகச் சுழல்வது குறையும்.

கூரைமேல் இறக்கை வைத்தால் உதவுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெரிய ஸ்பிரின்ட் கார்களில் அது வேலை செய்வதில் சந்தேகமே இல்லை. நம் அளவில் கணக்கைப் பாருங்கள்: 20 சென்ரிமீற்றர் சதுர இறக்கை, செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில், தாராளமாக எடுத்தாலும் 60 கிராம் அளவுக்குத்தான் கீழே அழுத்தும். செக்கனுக்கு 10 மீற்றர் என்றால் 240 கிராம், அது பேசத்தக்கது, ஆனால் அந்த வேகம் நேர்ப்பாதையில்தான் வரும். 3 மீற்றர் வளைவுத் தடத்தில் இறக்கையின் பெரிய பயன், கவிழும்போது அடியைத் தானே வாங்கிக்கொள்வது என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கிறார்கள், பக்கப் பலகை காற்றைப் பிடித்துக் காரை இடப்பக்கம் தள்ளுவதை உணர்வதாகச் சொல்கிறார்கள். பெரிய தடத்தில் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். பின்னச்சை வேண்டுமென்றே சற்றுக் கோணலாக வைப்பது, இட வல அச்சிடைவெளியை மாற்றுவது போன்றவையும் இதே வகை. வேகமாக ஓடுவோர் செய்கிறார்கள், ஆனால் அதனால்தான் வேகமாக ஓடுகிறார்களா என்று எனக்கு உறுதியில்லை. முதல் வருடம் அவற்றைத் தொட வேண்டாம்.

மோட்டாருக்கு வருவோம், அது என் தொழில். ஸ்லாஷின் பழைய பிரஷ் மோட்டாரின் கூட்டில் காற்றுத் துளைகள் இருக்கும். நம் கடற்கரை மணலில் கறுப்பாகத் தெரிவது இல்மனைட்டு, புல்மோட்டையில் எடுக்கிறார்களே அதே கனிமம். பலமான காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கடற்கரையில் ஒருமுறை ஓட்டிய மோட்டாரைத் திறந்தால் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புத் துகள் படிந்திருக்கும், அது பிரஷையும் சுற்றுக்கம்பியின் பூச்சையும் அரைக்கும். ஆகவே தடத்துக்குக் கலக்கும் மணலைக் கடற்கரையிலிருந்து எடுக்காதீர்கள், ஆற்று மணல் வாங்குங்கள். எப்படியிருந்தாலும் காற்றுத் துளைக்கு மெல்லிய நைலோன் துணி கட்டுங்கள். பழைய மோட்டாரைத் திரும்பச் சுற்றித் தர முடியுமா என்று கடைக்கு வந்து கேட்கும் பிள்ளைகள் உண்டு. முடியும், ஆனால் ஆர்மச்சரைச் சமநிலைப்படுத்தும் வேலைக்கு ஆகும் நேரத்தில் புதியது வாங்கிவிடலாம். பிரஷ்லெஸ் வாங்கும் நாள் வரும்போது அனைவரும் 17.5 சுற்று என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். சுற்று என்பது மோட்டாருக்குள் சுற்றிய கம்பியின் சுற்று எண்ணிக்கை. அது கூடினால் வேகம் குறையும், கார் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனில் பல் கூட்டும்போது ஒவ்வொரு பல்லாகக் கூட்டி, ஐந்து நிமிடம் ஓட்டி வெப்பநிலை பாருங்கள். கூட்டில் 70 பாகையைத் தாண்டினால் ஒரு பல் குறையுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த வெப்பமானி இதற்கு உதவாது, அது 43 பாகைக்கு மேல் காட்டாது. மின்வேலை செய்வோர் பயன்படுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும்.

பற்றரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி), கடினமான கூட்டோடு வருவது, 7.4 வோல்ற். ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. உங்கள் எக்ஸ்எல்-5 விளக்கு பச்சையாக எரிந்தால் குறைந்த மின்னழுத்தப் பாதுகாப்பு இயங்குகிறது, சிவப்பு என்றால் இல்லை. சிவப்பில் லிப்போவை ஓட்டவே வேண்டாம். வாரக்கணக்கில் ஓடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ற்றில் நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் முச்சக்கரவண்டிக்குள் பற்றரியை விட்டுச் செல்லாதீர்கள், சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருங்கள், ஊதிப்போன பற்றரியை அன்றைக்கே ஒதுக்குங்கள். மாமாவிடம் கேட்பதானால் பொதியில் அனுப்பச் சொல்ல வேண்டாம். பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தனி லித்தியம் பற்றரிப் பொதிகளை ஏற்றுவது 2016 முதல் தடை. 5000 மில்லியம்பியர் மணி கொண்ட இரண்டு செல் பற்றரி 37 வாற் மணிதான், கையில் எடுத்துவரும் 100 வாற் மணி எல்லைக்குள் வருகிறது. ஊருக்கு வரும்போது முனைகளை நாடாவால் மூடிக் கைப்பையில் கொண்டுவரட்டும்.

நண்பர்களோடு ஓடும் நாளுக்கு முன் இரண்டு விடயங்களைப் பேசிமுடியுங்கள்: ஓடும் திசை இடப்பக்கம் மட்டும், டயர் எல்லோருக்கும் ஒரே வகை. யாராவது ஒரு நாள் திசையை மாற்றினால் மேலே சொன்ன வேலை முழுவதும் தலைகீழாகிவிடும். கோட்டைப் பக்கம் மைதானத்தில் ஓட்டுவதென்றால் மான்கள் இருக்கும்போது ஓட்டாதீர்கள்.

இப்போதைக்கு வளைவின் ஆரத்தை அளந்து, நான்கு சில்லுகளின் எடையையும், எந்த இடத்தில் சுழல்கிறது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். எந்த ஷொக்கில் எவ்வளவு மாற்றுவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.